என் பெயரில் வாசித்த ஸ்தோத்திரம்

இடப்பாறை, ரான்னி
14 செப்டம்பர் 1987

தீனாம்மாவுக்குச் சோசாம்மா எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நேற்று நம் கோயிலில் நடந்ததை எழுதுகிறேன், படித்துச் சந்தோஷப்படு.

ஆராதனை முடியும் நேரத்தில் பாதிரியார் அச்சன் வழக்கம்போல ஸ்தோத்திரக் காணிக்கைத் தாளை எடுத்தார். ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள், ஒரு வீட்டில் மகனுக்கு வேலை, இன்னொரு வீட்டில் பசு சுகமாகக் கன்று போட்டதாம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு உன் அண்ணனுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். அப்போது வாசிக்கிறார்: "பக்கவாதத்தில் படுத்தும் ஓயாமல் தேவனைத் துதிக்கும் ஈப்பனுக்காகவும், அவர் வியாதியில் தேவன் செய்த எல்லா நன்மைகளுக்காகவும், நன்றியோடு மனைவி சோசாம்மா."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. நான் நன்றி சொல்லவும் இல்லை. கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, "குடுத்து வெச்சவடி நீ. எங்க வீட்டு ஆளுக்கு நல்லா இருக்கும்போதே வாயில கர்த்தர் பேரு வராது" என்றாள். ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் சபைச் செயலாளர் கோசியைப் பிடித்து யார் எழுதியது என்று கேட்டேன். "பஹ்ரைன்ல இருந்து உன் நாத்தனார்தான் அனுப்பிச்சா. உன் பேருல போடச் சொன்னா" என்றார்.

எந்த நன்மைக்கு நன்றி, தீனா? வலது கை போனதற்கா, வலது கால் போனதற்கா? ஜூன் மாதம் வந்து ஆறு நாள் கட்டிலருகே உட்கார்ந்து பாட்டுப் பாடினாய். முதுகில் முதல் புண் வருவதற்குள் விமானம் ஏறிவிட்டாய்.

அவர் 'துதிப்பது' என்ன என்று சொல்கிறேன், கேள். நோய் விழுந்த பிறகு அவருக்கு எஞ்சியது அந்த ஒரே வார்த்தை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "ஸ்தோத்திரம்". மீன் குழம்பில் புளி ஏறிவிட்டாலும் "ஸ்தோத்திரம்". இழுத்துச் சொன்னால் மூத்திரம் வருகிறது. பல்லைக் கடித்து, இடது கையால் கட்டிலை அடித்துச் சொன்னால் என்னை வைகிறார். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, "உள்ளே ஏறி நில்லு" என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர். ஒரு வார்த்தைதான் மிஞ்சும் என்றால் அது மிஞ்சியிருக்கக் கூடாதா? நானாவது சும்மா சிரித்திருப்பேன். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கட்டிலைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள்.

நீ உன் கையால் அச்சனுக்கு எழுது. அந்த நன்றி உன்னுடையது, சோசாம்மாவுடையது அல்ல என்று எழுது. என் பெயரை எடுக்கும் வரை நான் அந்தக் கோயில் படி ஏறமாட்டேன். வீட்டில் மாலை ஜெபமும் கிடையாது.

சோசாம்மா


மனாமா, பஹ்ரைன்
27 செப்டம்பர் 1987

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

அன்புள்ள சேச்சிக்குத் தீனா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணன் இச்சாயனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், சேச்சி. ஜூலையிலிருந்து உங்களுக்கு நான்கு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. செயலாளர் கோசிச்சாயனின் மகள் லிஸி என்னோடு வேலை செய்கிறாள். அவளுக்கு வந்த கடிதத்தில்தான் "ஈப்பன் சதா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வருகிறது" என்று படித்தேன். அன்று ஹாஸ்டலில் எல்லாருமாக முழங்காலில் நின்றோம். என் அண்ணன் பிழைத்தாரே என்று நன்றி சொல்லக் கூடாதா? நான் மட்டும் சொன்னால் அது குடும்பத்தின் நன்றியாகாது என்றுதான் உங்கள் பெயரை எழுதினேன்.

இங்கே எங்கள் ஜெபக் குழுவில் ஒரு பழக்கம் இருக்கிறது. படுக்கும் முன் ஒரு நோட்டில் அன்றைய நன்மைகள் மூன்றை எழுத வேண்டும். முதல் வாரம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சேச்சி, இந்த ஊருக்கு வந்த பத்து வருஷத்தில் மாத்திரை இல்லாமல் நான் தூங்கியது அந்த நோட்டுக்குப் பிறகுதான். நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. நன்றி சொல்லச் சொல்ல மனசு லேசாகிறது. நீங்களும் எழுதிப் பாருங்களேன்.

என்னை ஆறு நாள் என்று குத்திக் காட்டினீர்கள். எனக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான். நர்ஸ் படிப்புக்கு அப்பச்சன் கூடாது என்று நின்றபோது, என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேற்றிவிட்டது இச்சாயன். நான் மறப்பேனா?

மாலை ஜெபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். இச்சாயன் அதைத் தாங்கமாட்டார்.

உங்கள்
தீனா


இடப்பாறை
11 அக்டோபர் 1987

தீனாம்மாவுக்கு,

மூன்று நன்மை எழுதச் சொன்னாய் அல்லவா? இந்தா, இன்றைக்கு நடந்தது. விடியும் முன் இரண்டு தடவை படுக்கை விரிப்பு மாற்றினேன். அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. துவைத்துக் காயப்போட்டதை மழை நனைத்தது. எதற்கு எத்தனை வரி எழுதட்டும்?

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறு. அச்சனுக்கு எழுதினாயா இல்லையா? அதற்குப் பதிலே காணோம்.

இங்கே உன் நன்றி குட்டி போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை அச்சனும் கோசியும் வீட்டுக்கு வந்தார்கள். நவம்பர் 22, ஞாயிறு, சபை ஆண்டுவிழா. இந்த வருஷம் நன்றி ஆராதனையாம். ஈப்பனை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய், எல்லார் முன்பாகவும் மைக்கில் சாட்சி சொல்லவைக்க வேண்டுமாம்.

"அவரால என்ன சாட்சி சொல்ல முடியும், அச்சா? ஒரு வார்த்தைதான வருது" என்றேன்.

"அந்த ஒரு வார்த்தை போதும் சோசாம்மா. நான் அரை மணி நேரம் பேசுற பிரசங்கத்தை விட அது பெருசு" என்றார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது, திட்டவும் முடியவில்லை.

அவருக்கு இப்போது கூட்டம் ஆகாது என்றேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் உள்ளே வந்தாலே முகம் சிவந்து உடம்பு நடுங்குகிறது. கோசி இடையில் புகுந்து, "தங்கச்சிக்குச் சம்மதம்னு லிஸி எழுதியிருக்கா. ரத்த சம்பந்தம் சம்மதிச்சாச்சு, நீ ஏன் தடுக்குற?" என்றார். உள்ளே கட்டிலில் இருந்து அவர் பல்லைக் கடித்து ஒரு "ஸ்தோத்திரம்" போட்டார். எனக்குத் தெரியும், அது 'இவனை வெளியே அனுப்பு' என்று. அச்சன் எழுந்து நின்று தலை வணங்கினார்! நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன்.

தீனா, கெஞ்சிக் கேட்கிறேன். என் மேல் உள்ள கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். ஊர் பார்க்க அவரைக் காட்சிப்பொருளாகத் தூக்கிக்கொண்டு போக விடாதே. நான் சொன்னால், 'பாவம், அலுத்துப்போனவள்' என்று விட்டுவிடுகிறார்கள். நீ எழுதினால் கேட்பார்கள். தபால் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகும், கணக்குப் பார்த்து எழுது.

சோசாம்மா


மனாமா
25 அக்டோபர் 1987

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

அன்புள்ள சேச்சி,

அச்சனுக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். அதற்குள் அச்சனே எனக்கு எழுதியிருந்தார். ஊரில் நம்பிக்கை தளர்ந்தவர்கள் பலர் இச்சாயனை நினைத்துத் தேறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் 'வேண்டாம்' என்று எப்படி எழுதுவேன்?

ஒரு மணி நேரம்தானே, சேச்சி. அவர் கோயிலுக்குப் போய் நாலு மாதமாகிறது. மணிச்சத்தமும் பாட்டும் காதில் விழுந்தால் அவருக்கே நல்லதாக இருக்கலாம். நன்றி சொல்வது நல்ல நாளில் மட்டும் அல்லவே. இருட்டில் சொல்வதற்குத்தான் விலை அதிகம் என்று எங்கள் குழுவில் பேசிக்கொள்வோம்.

ஊருக்கு வருகிறவரிடம் ஒரு நோட்டு கொடுத்தனுப்புகிறேன். நீல அட்டை, நல்ல தாள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்களுக்காக நானே மூன்று கோடு போட்டிருக்கிறேன்.

கோபிக்காதீர்கள்.

தீனா


இடப்பாறை
23 நவம்பர் 1987

தீனாம்மாவுக்கு,

ஆண்டுவிழா முடிந்தது. லிஸிக்கு அவள் அப்பன் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

காலையில் நாலு பேர் ஜீப்போடு வந்தார்கள். வேண்டாம் என்று வாசலில் கையை விரித்து நின்றேன். "உங்க நாத்தனார் ஆசை, நீங்க குறுக்க நிக்காதீங்க" என்றார்கள். என்னால் நாலு ஆம்பிளைகளைத் தள்ள முடியுமா? சரி, தனியாக விடக்கூடாது என்று அவசரமாக அவருக்கு வெள்ளை ஜிப்பா மாட்டி, துணிப்பையில் மூத்திரப் பாத்திரத்தையும் மாற்று வேட்டியையும் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறினேன், சபதமும் போயிற்று.

முன்வரிசையில் அவரை உட்காரவைத்தார்கள். பாட்டு, அறிக்கை, பாட்டு, பிரசங்கம். ஒரு மணி நேரம் என்றாயே, இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் கோசி மைக்கைக் கொண்டுவந்து அவர் வாயருகே பிடித்தார்.

அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைத் தேடினார். பிறகு இழுத்து, "ஸ்தோ...த்திரம்" என்றார்.

கோயில் முழுவதும் எழுந்து நின்று, "ஸ்தோத்திரம்!" என்று முழங்கியது. அவர் பயந்துபோய் இன்னும் இழுத்துச் சொன்னார். இவர்கள் இன்னும் பலமாக முழங்கினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அச்சன் கையை உயர்த்திக் கண்ணை மூடிவிட்டார். உன் அண்ணனுக்கோ முகமெல்லாம் வேர்த்து, இடது கையால் நாற்காலியை அடிக்கிறார். அத்தனை கிறிஸ்தவர்கள் நடுவில் அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் போய்க் கோசி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "அவருக்கு மூத்திரம் வருது! வழி விடுங்க!" என்றேன். மைக்கில். கோயில் வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலும் கேட்டிருக்கும், சந்தைக்குப் போகிறவர்களும் கேட்டிருப்பார்கள்.

அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வேட்டி நனைந்து தரையில் ஓடியது. அவர் அழுதார், தீனா. வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதார். நோய் விழுந்த அன்றுகூட அவர் அழவில்லை. நானே என் முந்தானையால் தரையைத் துடைத்தேன். அச்சன் இறங்கி வந்து, தன் அங்கியை இடுக்கிக்கொண்டு நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்தார். அன்றைக்கு ஒருவர் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

உன் நீல நோட்டு வந்து சேர்ந்தது. அவருக்கு வெளிக்குப் போன நேரத்தை அதில் எழுதிவைக்கிறேன். தாள் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஜூன் மாதமே அவர் போயிருந்தால் அவருக்கும் எனக்கும் நல்லதாயிருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். நினைத்துவிட்டு, அவர் வாயில் கஞ்சி ஊட்டுகிறேன். உன் மூன்று கோட்டில் அதை எந்தக் கோட்டில் எழுதுவது?

சோசாம்மா


மனாமா
6 டிசம்பர் 1987

சேச்சி,

வழக்கமாகக் கடிதத்தின் உச்சியில் எழுதும் வரியை எழுதக் கை வரவில்லை.

எனக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். லிஸி அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிய நிமிஷமே தெரியும். எங்கள் வார்டில் போன வருஷம் கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். மூளையில் அடைப்பு. அவருக்கு மிஞ்சியது 'வெங்காயம்' என்ற ஒரே வார்த்தை. ஊசி போட்டால் வெங்காயம், மனைவியின் படத்தைக் காட்டினால் வெங்காயம். அவரை நான் எட்டு வாரம் பார்த்துக்கொண்டேன். இது பக்தியில்லை, நோய் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரிந்தும் ஏன் செய்தேன்? இச்சாயன் ஜெபித்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறார் என்றால் நான் இங்கேயே இருக்கலாம். அவர் கஷ்டப்படுகிறார் என்றால் நான் வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நான் வராமல் இருக்க உங்கள் பெயரில் நன்றி சொன்னேன். மூன்று மாதமாக என் நோட்டில் 'இச்சாயன் சமாதானமாக இருக்கிறார்' என்று தினமும் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பக்கங்களைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நீங்கள் கடைசியாக எழுதியதை எந்தக் கோட்டிலும் எழுத வேண்டாம். எனக்கு எழுதினீர்களே, அது போதும்.

அச்சனுக்கு உண்மை முழுவதையும் எழுதி, இன்று காலை தபாலில் போட்டேன். மேட்ரனோடு சண்டை போட்டு லீவு வாங்கினேன். மூன்று வாரம். டிசம்பர் 29 அன்று வீட்டில் இருப்பேன். நான் வந்ததும் நீங்கள் செங்கன்னூரில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். மறுப்பு சொல்லாதீர்கள். போய்த் தூங்குங்கள். பத்து வருஷ நர்ஸ், என் அண்ணனை நான் பார்த்துக்கொள்வேன்.

தீனா


இடப்பாறை
9 ஜனவரி 1988

அன்புள்ள சேச்சி,

நீங்கள் பஸ் ஏறி ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் நம்ப முடியவில்லை. இடுப்பு எனக்கும் பிடித்துக்கொண்டது. பத்து வருஷ நர்ஸ் என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வார்டில் எட்டு மணி நேரத்தில் வேலை முடியும். இங்கே எப்போது முடிகிறது?

நீங்கள் நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்புகள்தான் எனக்கு இப்போது வேதபுத்தகம். இழுத்தால் பாத்திரம், கட்டிலை அடித்தால் திட்டு. நேற்றுக் குழம்பில் உப்புப் போட மறந்தேன். அவர் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு பென்னம்மா வேலியருகே வந்து, "என்ன தீனா, ஜெபக்கூட்டமா?" என்று கேட்டாள். இச்சாயனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதி வாயால் சிரித்தார்.

அச்சன் வந்தார். மற்றவர்களைப்போலக் கைகூப்பவில்லை. அரை மணி நேரம் இருந்து இச்சாயனுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார். அந்தக் காணிக்கைத் தாளிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொன்னார். என் பெயரையும் சொல்லவில்லை.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் குறிப்பிலும் இல்லை. நீங்கள் போன மறுநாளிலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறார். இழுப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை. மெதுவாக, வாசலைப் பார்த்து, மூன்று நான்கு தடவை. பாத்திரம் கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். மாலை ஜெபத்தைத்தான் கேட்கிறார் போலும் என்று வேதாகமத்தை எடுத்து வாசித்தேன். முழுவதும் கேட்டார். முடித்ததும் மறுபடி வாசலைப் பார்த்து அதையே சொன்னார். அதற்கு என்ன கொடுக்க வேண்டும்? உடனே எழுதுங்கள்.

தீனா


செங்கன்னூர்
12 ஜனவரி 1988

தீனாவுக்கு,

மூன்று வாரம் என்று சொல்லி அனுப்பினாய். பத்து நாள் என்னை நிம்மதியாக இருக்கவிட்டாயா? இங்கே நன்றாகத் தூங்கினேன். தம்பி மனைவி கப்பைக் கிழங்கும் மீனும் தட்டில் போட்டு என் முன்னால் வைக்கிறாள். ஏழு மாதத்துக்குப் பிறகு சூடாகச் சாப்பிட்டேன். இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன்.

நீ கேட்ட ஸ்தோத்திரம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. தெரியாது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துக் கொல்லைப்புறம் போய் நின்றேன். தம்பி மனைவி வந்து, "என்ன சேச்சி, கண்ணுல தூசியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் அந்த வீட்டில் இருக்கும்போது அவர் அதை ஏன் சொல்லப்போகிறார்? அந்த நேரத்தில் நான் வாசலில் விளக்கோடு நிற்பேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அந்த ஸ்தோத்திரத்துக்கு ஒன்றும் கொடுக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து, "சோசாம்மா வர்றா" என்று மட்டும் சொல். குழம்புக்கு உப்புப் போடு. உன் லீவு முடியும் வரை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருஷமும் வந்து நிற்க வேண்டும், இப்போதே மேட்ரனிடம் சொல்லி வை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்க வேண்டியிருக்கிறது. அதை என் பெயரில் நானே எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். நீ அந்தத் தாளில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன்.

சோசாம்மா